மகள் வனவிலங்கு வேலைக்கு மனுப் போட வேண்டும் என்கிறாள், அனுப்பலாமா?

கஹாங் ரோடு எழுதியது:

வணக்கம். குளுவாங்கிலிருந்து கஹாங் போகும் பாதையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கிறவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், எங்கள் கிராணியும் இங்கே வந்து படிக்கிறார்.

மகளுக்கு வயது 19. எஸ்பிஎம் முடித்தாள், ஆறாம் படிவம் வேண்டாம் என்றாள், இப்போது குளுவாங் டவுனில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறாள். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைக் காட்டி, “அப்பா, பெர்ஹிலித்தானில் ஆள் எடுத்தால் நான் மனுப் போடுவேன்” என்றாள். வனவிலங்கு இலாகாவைத்தான் சொல்கிறாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சரி, பிள்ளை ஏதோ ஆசைப்படுகிறாள், நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். அதற்குள் எங்கள் மறுநடவுத் தீம்பாருக்கு, புதிதாகக் கன்று நட்ட பகுதிக்கு, பெரியவர் வந்துவிட்டார். (தோட்டத்தில் நாங்கள் யானையை யானை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அப்பா காலத்துப் பழக்கம். எழுதினால் தோஷமில்லை என்று நினைக்கிறேன்.) எண்டாவ் ரொம்பின் காடு எங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே காவல்காரர் மோட்டாரில் வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் மூன்று ஏக்கர் காலி. ஏக்கருக்கு 55 கன்று, நட்டுப் பதினெட்டு மாதம். ஒவ்வொன்றாகச் சாய்த்து, மட்டையைப் பிரித்து, குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. விருந்து வீட்டில் இலை எடுத்த மாதிரி வரிசையாகக் கிடந்தது.

மறுநாள் மாலை சீருடையில் நாலு பேர் வந்தார்கள். தடத்தை அளந்தார்கள், படம் பிடித்தார்கள், எங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ராத்திரி வெடி போட்டார்கள். விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். என் ஆட்கள் அவர்களைப் பேசாத பேச்சில்லை. நானும்தான் பேசினேன். “யானைக்குத்தான் அரசாங்கம், மனுஷனுக்கு இல்லை” என்றேன். அவர்களில் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் நின்றான். என் மகள் அன்றைக்கு லீவு. பக்கத்தில் நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அவளும் தடத்தை அளந்துவிட்டாள். இரண்டு காலணிக் கயிறுகளை முடிச்சுப் போட்டு, சேற்றில் குந்தி உட்கார்ந்து, தடத்தைச் சுற்றி வைத்து, வீட்டில் வந்து தையல் நாடாவில் நீட்டிப் பார்த்தாள். 118 சென்டிமீட்டர். எதற்கு என்று கேட்டேன், சும்மா என்றாள்.

என் மனைவி பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பவே கூடாது என்கிறாள். எனக்குக் கவலை வேறு. இந்த வேலையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? நாளைக்கு என் மகள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொரு தோட்டத்தில், என்னை மாதிரி ஒரு மண்டோர் முன்னால் நின்றால், அவள் என்ன பதில் சொல்வாள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோப்பி ஓ எழுதியது:

அண்ணே, அரசாங்க வேலை. யோசிக்கவே வேண்டாம், போடச் சொல்லுங்கள். கல்லாவில் நின்று கால் வீங்குவதைவிடக் காட்டில் நடந்து வீங்கட்டும்.


பழைய பூட்ஸ் எழுதியது:

தம்பி கஹாங் ரோடு, நான் 1984இல் வனவிலங்கு இலாகாவில் கடைநிலை ஆளாகச் சேர்ந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். பகாங்கில் பால்மரம் வெட்டும் வீட்டுப் பிள்ளை, மெந்தகாப் பக்கம். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் உங்கள் மகளின் காலணிக் கயிறு. அவள் சும்மா அளக்கவில்லை. யானையின் முன்னங்காலடியின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும். 118 என்றால் 236 சென்டிமீட்டர். இது வளர்ந்த பெண்யானையின் உயரம். ஒற்றை ஆண் என்றால் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். மகளிடம் கேளுங்கள்: அளந்தது வட்டமான தடமா, நீட்டமான தடமா? வட்டம் முன்னங்கால், நீட்டம் பின்னங்கால். யானை நடக்கும்போது பின்னங்கால் பல நேரம் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழும், புதிதாகப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். பக்கத்தில் சின்னத் தடம் இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் வந்தது குட்டியோடு குடும்பம். அப்படியானால் உங்கள் காவல்காரரை இனிமேல் தனியாக டார்ச் லைட்டோடு அனுப்பாதீர்கள். குட்டிக்காரி நின்று யோசிக்கமாட்டாள்.

அந்த நாலு பேரும் அளந்து எழுதியது இதற்குத்தான். எத்தனை, எவ்வளவு பெரியது, குட்டி உண்டா, எங்கிருந்து நுழைந்தது, எங்கே போனது. அது இல்லாமல் ராத்திரி வெடி போடுவது குருடன் கல்லெறிவது மாதிரி. நான் அப்படி எறிந்தவன், அதனால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு நிலத் திட்டத்தில் கூட்டம் இறங்கிவிட்டது என்று எங்களை அனுப்பினார்கள். நான் அப்போது கொஞ்சம் சுறுசுறுப்பு அதிகமான ஆள். தடம் பார்க்காமல், பார்த்தவர்கள் சொன்னதை வைத்துத் தெற்கிலிருந்து வெடி போட்டு விரட்டினேன். போய்விட்டன. எல்லோரும் கைகொடுத்தார்கள். காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு மலாய்க் கிழவியின் வாழைத் தோட்டம், அதுதான் அவருடைய ஒரே வருமானம், முழுதும் போயிருந்தது. நான் விரட்டித்தான் அங்கே போயின. அந்த அம்மா திட்டவே இல்லை. கோப்பி கலக்கிக் கொடுத்து, “குடி, ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டாய்” என்றார். அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

உங்கள் தோட்டத்துக்கு வந்த பையன் பேசாமல் நின்றான் என்றீர்கள். பேசுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? கன்றுக்கு நஷ்டஈடு எழுதித்தரும் பேனா அவன் கையில் இல்லை. யானையைச் சுடும் அனுமதியும் இல்லை. எழுபதுகளின் ஆரம்பம் வரை தோட்டத்தில் புகுந்த யானையைச் சுட்டுத் தள்ளுவதுதான் வழக்கம். 1974இல்தான் யானை பிடிக்கும் குழு என்று ஒன்றைத் தொடங்கி, கொல்வதற்குப் பதிலாகப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். அறுநூறுக்கும் மேல் இதுவரை இடம் மாற்றியிருக்கிறார்கள். பகாங் கோலா கண்டாவில் 1989இல் தொடங்கிய மையத்தில் இருக்கும் பழக்கிய யானைகள் இந்த வேலைக்குத்தான் வளர்ந்தவை, சுற்றுலாக்காரர்கள் குளிப்பாட்டிப் படம் எடுக்க அல்ல.

சில வருஷம் நானும் அந்தக் குழுவோடு போயிருக்கிறேன். படத்தில் பார்ப்பது மாதிரி இருக்காது. ஐந்து நாள், ஆறு நாள் தடத்தின் பின்னாலேயே நடக்க வேண்டும். சாணியைக் கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். அட்டை, அட்டை, அட்டை. பேசக்கூடாது, புகைக்கக்கூடாது, காற்று எந்தப் பக்கம் என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் மயக்க ஊசி போடும் விஷயம் ஒரு நிமிஷம்தான். ஊசி விழுந்ததும் அது ஓடும், நாமும் பின்னால் ஓட வேண்டும், பள்ளத்திலோ தண்ணீரிலோ விழுந்துவிட்டால் செத்துப்போகும். மயங்கி நின்றதும் பின்னங்காலைச் சங்கிலியால் மரத்தில் கட்டி, மாற்று மருந்து போட்டு, பழக்கிய யானைகள் வரும்வரை காவல். இரண்டு யானைகள் இரு பக்கமும் அணைத்துக்கொண்டு லோரி வரை நடத்திவரும். கென்யிர் ஏரியில் லோரியிலிருந்து மிதவைக்கு மாற்றிக் காட்டோரம் கொண்டுபோய் இறக்குவோம். ஒருமுறை இரவெல்லாம் கட்டிப்போட்ட இடத்தில் ஒரு பெண்யானை உறுமிக்கொண்டே இருந்தாள், தூரத்திலிருந்து அவளுடைய கூட்டம் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் தலைவர், பழுத்த ஆள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார்.

இவ்வளவும் செய்து விட்டால், சில யானைகள் திரும்பி வந்துவிடும். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பின்தொடரத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது: அவற்றுக்கு அடர்ந்த காட்டைவிடக் காட்டோரமும், வெட்டிவிட்ட இடமும், சாலையோரப் புல்லும்தான் பிடிக்கிறது. நாம் எங்கே இளங்கன்று நடுகிறோமோ அதே இடம். பிடித்துக் கொண்டுபோய் விடுவது மட்டுமே தீர்வு என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

அப்புறம் உங்கள் வேலி. கோபப்படாதீர்கள். மறுநடவுக்குச் சூரிய சக்தி மின்வேலி போட்டிருப்பார்களே, அதன் கம்பியில் கடைசியாக எப்போது மின் அளவு பார்த்தார்கள்? லாலாங் புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், வேலி வெறும் கொடிக்கயிறு. யானை அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக்கூட ஆண்யானைகள் தெரிந்து வைத்திருக்கின்றன. மரத்தைச் சாய்த்து வேலிமேல் போடுவதும் உண்டு.

கடைசியில் உங்கள் கேள்வி. என் மகளாக இருந்தால் அனுப்புவேனா? அனுப்புவேன். ஆனால் மிருகம் பிடிக்கும் என்பதற்காக இந்த வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவேன். முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் நான் யானையின் முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம் தேறாது. உங்களை மாதிரி ஆட்களின் முன்னால் நின்றது மிச்சம் எல்லாம்.


சுங்கை சிப்புட் சிறுதோட்டம் எழுதியது:

பழைய பூட்ஸ் அண்ணன் நன்றாக எழுதியிருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பெனித் தோட்டம் வேறு, என் நாலு ஏக்கர் வேறு. அவர்களுக்கு மூன்று ஏக்கர் போனால் ஒரு வரி கணக்கு. எனக்குப் போனால் மகனின் படிப்பு. மின்வேலிக்கு நான் எங்கே போவேன்? தகர டின் தட்டி, கார்பைட் வெடி போட்டு, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். புத்தகத்தில் யானைக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எனக்கு எந்தச் சட்டம்? மகளை வேலைக்கு அனுப்புங்கள் அண்ணே, ஆனால் இதை அவளிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.


செங்கால் மரம் எழுதியது:

(செங்கல் இல்லை, செங்கால். மரத்தின் பெயர். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

அண்ணா, நான் பேராக்கில் வேலை செய்கிறேன். ஆனால் பெர்ஹிலித்தான் இல்லை, வனத்துறை, ஜபாத்தான் பெர்ஹுத்தானான். வெளியே எல்லோருக்கும் இரண்டும் ஒன்றுதான். பச்சைச் சட்டை போட்டிருந்தால் “யானை வந்திருக்கு, வாங்க” என்று என்னைக் கூப்பிடுவார்கள். தங்கச்சி மனுப் போடுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளட்டும். தீபகற்பத்தில் பெர்ஹிலித்தான் கூட்டரசு இலாகா, மிருகங்களும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவும் அவர்கள் பொறுப்பு. காடும் நிலமும் மாநிலத்தின் சொத்து, அதனால் மரம் எங்கள் பொறுப்பு. உங்கள் பக்கத்து எண்டாவ் ரொம்பினை ஜொகூரின் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது, அங்கேயும் தனியாக ஆள் எடுப்பார்கள். கஹாங்கிலிருந்து உள்ளே கம்போங் பேத்தா வரை போனால் வழிகாட்டிகளாக ஜக்கூன் பூர்வகுடியினர் இருப்பார்கள். ஒரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். பக்கத்திலேயே இருந்துகொண்டு போகாமல் இருப்பது நம் ஆட்களின் வழக்கம்.

என் வேலை ரெஞ்சர். வெட்டுவதற்கு அனுமதி கொடுத்த காட்டில் வெட்டுமுன் போய் மரத்தை அளந்து எண் அடிப்பது. மெராந்தி வகை மரங்கள் மார்பு உயரத்தில் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்தால் தொடக்கூடாது, செங்கால் 60. இது 1978 முதல் இருக்கும் முறை. 58 இருக்கும் செங்காலைப் பார்த்து, “சிஸ்டர், நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பதிலுக்குச் சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடிக்கத் தெரிய வேண்டும். அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக என்னோடு ஒரு மாதம் பேசாதவர்கள் உண்டு.

இனி அம்மாவுக்கு. என் அம்மாவும் அழுதார். காட்டில் முகாம் போட்டால் நாலைந்து இரவு. முதல் தடவை நான் தூங்கவில்லை. மிருகத்துக்குப் பயந்து இல்லை, கழிப்பறைக்கு எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று. கூட வந்த பூர்வகுடி அக்கா ஒருவர் எனக்காகத் தனியாக ஓர் இடம் வெட்டித் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். மாதவிலக்கு நாள் வந்தால் வாய்திறந்து சொல்லப் பழக வேண்டும், கேட்டால் பணி நாளை மாற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது. ஆண்களோடு வேலை செய்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. முகாம் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டாரில் தனியாக வீடு திரும்பும் அந்த முப்பது கிலோமீட்டர்தான் எனக்கு இன்னும் பயம். அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

மலாய் எழுத்து. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம் பிள்ளைகள் பேசிவிடுவார்கள், எழுதும்போது தடுமாறுவார்கள். அறிக்கை, வாக்குமூலம், நீதிமன்றத்துக்குப் போகும் தாள் எல்லாம் மலாயில். ஒரு தேதியோ ஓர் இடத்தின் பெயரோ தப்பாக இருந்தால் வழக்கே படுத்துவிடும். இப்போதிருந்தே தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.


கஹாங் ரோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய பூட்ஸ் அண்ணே, மகளிடம் கேட்டேன். வட்டத் தடம்தானாம். சின்னத் தடமும் இருந்ததாம், அதையும் அளந்திருக்கிறாள், 58. என்னிடம் சொல்லவில்லை, “நீங்கதான் கேட்கலையே” என்கிறாள். வேலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு நாள் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம்.

கேட்க இன்னும் இரண்டு இருக்கிறது. பயிற்சி எங்கே கொடுப்பார்கள்? அப்புறம், கள்ளவேட்டைக்காரர்களைப் பிடிக்கப் போவார்களாமே, அவர்கள் கையில் துப்பாக்கி இருக்குமாமே?


பழைய பூட்ஸ் எழுதியது:

58 என்றால் உயரம் 116. ஒரு வயதுக் குட்டியாக இருக்கலாம். மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். சின்னத் தடத்தைத் தனியாக அளக்க வேண்டும் என்று எனக்கு மூன்றாவது வருஷம்தான் தோன்றியது.

பயிற்சிக்கு பகாங் லஞ்சாங் பக்கம் புக்கிட் ரெங்கிட்டில் இலாகாவின் கழகம் இருக்கிறது. மனு எஸ்பிஏ, அதாவது பொதுச் சேவை ஆணையம் வழியாகத்தான். விளம்பரம் வரும்போது நிபந்தனையை வரிவரியாகப் படிக்கட்டும், மோட்டார் லைசென்ஸ் இப்போதே எடுத்து வைக்கட்டும், ஓடிப் பழகட்டும். உள்ளே ஆள் இருக்கிறது, ஆயிரம் வெள்ளி கொடு என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

துப்பாக்கி விஷயம் மறைக்க மாட்டேன். இருக்கும். ஆனால் ரோந்தில் கிடைப்பது முக்கால்வாசி ஆளே இல்லாத கம்பிக் கண்ணிகள்தான். இரும்புக் கம்பியை வளைத்து மிருகம் நடக்கும் தடத்தில் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பன்றிக்குக் கட்டியதில் புலி மாட்டும், காட்டுமாடு மாட்டும். அகில் கட்டை தேடி வாரக்கணக்கில் காட்டில் தங்குகிறவர்களும் கண்ணி கட்டுவார்கள். 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கில் தீபகற்பக் காடுகளில் புலி 150க்கும் குறைவு. அதற்குப் பிறகு அரசாங்கம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களையும் பூர்வகுடியினரையும் ரோந்துக்கு எடுக்கிறார்கள், 2022இல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதம் பத்து லட்சம் வெள்ளி, சிறை 15 வருஷம் என்று ஏற்றினார்கள். பூர்வகுடி ஆட்களோடு நடந்தால் உங்கள் மகள் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்வதை எந்தக் கழகமும் கற்றுத்தராது. ஒடிந்த புல்லைப் பார்த்து, நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேர், ஒருவன் சுமை தூக்கியிருக்கிறான் என்று சொல்வார்கள். நான் சிரித்ததுண்டு. மறுநாள் அந்த இரண்டு பேரையும் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லோரும் எல்லா நாளும் காட்டில் இருப்பதில்லை. கடை கடையாகப் போய் உரிமம் பார்க்கும் வேலை உண்டு. பறவை விற்பவர், பாம்பு வளர்ப்பவர். வீட்டுக்குள் மலைப்பாம்பு வந்துவிட்டது என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள். குரங்கு புகார் சொல்லி மாளாது. காட்டை நினைத்து வந்த சில பிள்ளைகளுக்கு இதுதான் முதல் ஏமாற்றம்.

சுங்கை சிப்புட் தம்பி, உங்களுக்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். எந்தச் சட்டம் என்று கேட்டீர்கள். பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: யானை வந்த ஒவ்வொரு தடவையும் புகார் கொடுங்கள், சேதம் சின்னதாக இருந்தாலும். தேதி, நேரம், எத்தனை மரம். கண்ணீர் விட்டுச் சொன்னதைவிட எழுதி வைத்ததுதான் மேலே போகும். வேலி எங்கே போடுவது என்று முடிவாகும் கூட்டத்தில் புகார் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். சிறுதோட்டக்காரர்கள் சலித்துப்போய்ப் புகார் கொடுப்பதை நிறுத்திவிடுவதால், அந்த இடத்தில் யானையே இல்லை என்று வரைபடம் சொல்லும். நான் அந்த வரைபடத்துக்குப் புள்ளி வைத்த ஆள்.


கஹாங் ரோடு எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வேலியைச் சுற்றி நடந்தேன். முழுச் சுற்று, நாலு கிலோமீட்டருக்கு மேல். நான் மண்டோராகி எட்டு வருஷம், இந்த வேலியை நடந்தே சுற்றியது இதுதான் முதல் தடவை. மோட்டாரில் போகும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆற்றோரம் பதினோரு இடத்தில் கொடி ஏறிக் கம்பியே தெரியவில்லை. ஓர் இடத்தில் பழைய மரம் ஒன்று வேலிமேல் படுத்திருந்தது, பக்கத்திலேயே காய்ந்த சாணி. அவள் அதைக் குச்சியால் கிளறி, கன்றின் நார் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

கிராணியிடம் போய்ச் சொன்னேன். ஆள் பற்றாக்குறை என்றார். சரி என்று நானே மருந்தடிக்கும் கும்பலிலிருந்து இரண்டு பேரை எடுத்து வாரம் ஒருநாள் வேலிக்கு விட்டிருக்கிறேன். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சீருடைப் பையன் நேற்று மறுபடி வந்தான், தடம் ஏதாவது புதிதாக உண்டா என்று பார்க்க. நான் வீட்டில் இல்லை. என் மனைவி அவனை லயத்து வாசலில் உட்காரவைத்துப் பசியாறக் கொடுத்திருக்கிறாள். அம்மா எங்கே, எத்தனை பிள்ளைகள், காட்டில் சோறு யார் ஆக்குவார்கள், பெண்பிள்ளைகள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எல்லாம் விசாரித்துவிட்டாள். நான் வந்ததும், “அந்தப் பையன் ரொம்ப மெலிஞ்சிருக்கான்” என்றாள். மகள் விஷயத்தில் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் என்கிற முறையில் எனக்கு அது போதும்.

மகள் எஸ்பிஏ பக்கத்தில் பதிந்துவிட்டாள். இப்போது காலணி வாங்க வேண்டும் என்கிறாள், குளுவாங்கில் முந்நூறு வெள்ளிக்கு மலையேறும் பூட்ஸ் பார்த்து வைத்திருக்கிறாளாம். வாங்கிக் கொடுக்கலாமா அண்ணே?


பழைய பூட்ஸ் எழுதியது:

முந்நூறு வெள்ளியை வங்கியில் போடுங்கள். அந்த பூட்ஸ் ஆற்றில் ஒருமுறை நனைந்தால் மூன்று நாள் காயாது. உங்கள் தோட்டத்துக் கடையில் கறுப்பு ரப்பர் காலணி தொங்குமே, அடியில் முள் முள்ளாக, கம்போங் அடிடாஸ் என்பார்கள், பால்மரம் வெட்டும்போது உங்கள் அப்பாவும் அதைத்தான் போட்டிருப்பார். நாங்கள் எல்லோரும் அதுதான். ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே இரண்டு காலுறை போட வேண்டியிருக்கும். காலுறையில் கொஞ்சம் புகையிலைத் தண்ணீர் தெளித்தால் அட்டை ஏறாது.